ஒரே மேடையில் ஏறாதவர்கள்

முகமது அலியும் ஜோ லூயிஸும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்ற கேள்விக்கு வயது அதிகமில்லை. வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த இரண்டு சண்டைக்காரர்களை ஒப்பிட இரண்டு ஏற்பாடுகள் முதலில் வேண்டும். சண்டைகளைக் காலத்தோடும் பெயரோடும் குறித்துவைக்கும் பதிவு ஒன்று. எல்லாரையும் கட்டுப்படுத்தும் பொது விதி மற்றொன்று. பதிவு மிகப் பழையது. பொது விதி 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது.

பதிவுக்குச் சான்று தேட ஜவ்வாது மலையைச் சுற்றி வந்தால் போதும். திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூரில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகற்கள் கிடைத்துள்ளன. ஊரின் ஆநிரையைக் கவர வந்த படையை எதிர்த்து மாண்டவர்களுக்கு எடுக்கப்பட்டவை அவை. மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனைச் சொல்கிறது. அவனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் உண்டு. இரண்டு ஊர்க் கற்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு. மன்னன் யார், ஆண்டு எது, சண்டை எதற்கு, விழுந்தவன் பெயர் என்ன என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. அவர்களில் யார் பெரிய வீரன் என்று கேட்க மட்டும் வழியில்லை. ஒருவன் எதிர்த்தது கள்ளரை, மற்றவர்கள் எதிர்த்தது படையை. ஆயுதம், எண்ணிக்கை, நிலம் எதுவுமே பொதுவாக இல்லை.

நேருக்கு நேர் இருவர் மோதிய மற்போருக்குச் சங்க இலக்கியத்திலேயே பதிவு இருக்கிறது. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன், ஆமூர் மல்லனோடு மோதி வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தச் சண்டையை அரசனின் தந்தை தித்தன் பார்க்க வேண்டும் என்பதே புலவரின் ஆசை. மகனைத் தந்தையோடு ஒப்பிடாமல், தந்தையைப் பார்வையாளராக நிறுத்தியதோடு அவர் நின்றுவிட்டார்.

பொது விதி பிறந்த இடம் இங்கிலாந்து. 1867-இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள் ஒரு ரவுண்டுக்கு 3 நிமிடம், இடையே 1 நிமிட ஓய்வு, விழுந்தவர் எழுந்திருக்க 10 விநாடி, கையில் கிளவுஸ் என்று வகுத்தன. அதற்கு முந்தைய முறையில் யாராவது ஒருவர் தரையில் விழும்போதுதான் ரவுண்டு முடியும். ரவுண்டுகளுக்கு எல்லையும் கிடையாது. 1889-இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் வெறுங்கையோடு 75 ரவுண்டுகள் அடித்துக்கொண்டார்கள். அதே சல்லிவன் 1892 செப்டம்பர் 7 அன்று நியூ ஆர்லியன்ஸில் கிளவுஸ் அணிந்து, புதிய விதிப்படி ஜேம்ஸ் கார்பெட்டிடம் 21-ஆம் ரவுண்டில் வீழ்ந்தார். ஹெவிவெயிட் பட்டத்தின் நவீன வரலாறு இந்தச் சண்டையிலிருந்து எண்ணப்படுகிறது.

பட்டம் வைத்திருப்பவரை அடித்தவருக்கே பட்டம் என்பதால், கார்பெட்டிலிருந்து தொடங்கி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அது ஒரு சங்கிலியாக வந்தது. சங்கிலி அறாதவரை கற்பனைக்கு வேலை குறைவு. புதியவர் பழையவரை அடித்துக் காட்டிவிட்டார், அவ்வளவுதான். பட்டத்தோடு ஒருவர் ஓய்வு பெற்றதும் வாதம் கிளம்பிவிடும். ஜெஃப்ரீஸ் 1905-லும், டன்னி 1928-லும், லூயிஸ் 1949-லும், மார்சியானோ 1956-லும் அப்படி விலகினார்கள். 49 சண்டைகளில் 49 வெற்றி, அவற்றில் 43 நாக் அவுட் என்ற மார்சியானோவின் கணக்கு, அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு சாம்பியனையும் துரத்திக்கொண்டே இருந்தது.

கற்பனையை நிஜமாக்கிப் பார்க்கும் முதல் பெரிய முயற்சி 1910 ஜூலை 4 அன்று நெவாடாவின் ரீனோ நகரில் நடந்தது. 1908-இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆகியிருந்தார். வெள்ளை அமெரிக்காவுக்கு அது செரிக்கவில்லை. தோல்வியே காணாமல் விலகிப்போன ஜிம் ஜெஃப்ரீஸ் திரும்பி வந்தால் ஜான்சன் நிற்க மாட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. பண்ணையில் உடல் பெருத்துக் கிடந்த ஜெஃப்ரீஸ் 100 பவுண்டுக்கு மேல் குறைத்துக்கொண்டு, ஆறாண்டு இடைவெளிக்குப் பிறகு மேடை ஏறினார். 45 ரவுண்டுகளுக்குத் திட்டமிட்ட சண்டை 15-ஆம் ரவுண்டில் முடிந்தது. அதுவரை யாராலும் தரையில் வீழ்த்தப்படாதவர் அன்று மீண்டும் மீண்டும் விழுந்தார். செய்தி பரவியதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர் தாக்கப்பட்டார்கள். பல உயிர்கள் போயின. சண்டையின் சலனப்படம் பல இடங்களில் தடை செய்யப்பட்டது. 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லவே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. இத்தனைக்குப் பிறகும் வாதம் அடங்கவில்லை. 1904-இன் ஜெஃப்ரீஸ் வந்திருந்தால் கதையே வேறு என்றார்கள் அவருடைய ஆதரவாளர்கள். அந்த ஒரு வாக்கியம் இந்த வழக்கத்தின் உயிர்நாடி. எந்த முடிவு வந்தாலும் தோற்றவரின் பொற்காலத்தைக் காட்டித் தப்பிக்கலாம்.

அதற்குப் பின் தலைமுறைகள் உண்மையாகவே சந்தித்த சண்டைகள் பெரும்பாலும் பழையவரின் சோகமாகவே முடிந்தன. 1951-இல் 37 வயது ஜோ லூயிஸை மார்சியானோ 8-ஆம் ரவுண்டில் வீழ்த்தினார். 1980 அக்டோபரில், தன்னோடு பயிற்சிச் சண்டை போட்டு வளர்ந்த லாரி ஹோம்ஸிடம் அலி 10 ரவுண்டுகள் அடி வாங்கினார். அலியின் மூலையிலிருந்தே சண்டையை நிறுத்தினார்கள். விதிவிலக்கு ஜார்ஜ் ஃபோர்மன். 1974-இல் கின்ஷாசாவில் அலியிடம் பட்டத்தை இழந்தவர், 20 ஆண்டுகள் கழித்து 45 வயதில் மைக்கேல் மூரரை 10-ஆம் ரவுண்டில் படுக்கவைத்து மீண்டும் சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசன், தன்னைவிட 30 வயதுக்கு மேல் இளைய ஜேக் பாலிடம் பாயிண்டில் தோற்றதையும் வேண்டுமானால் இந்த வரிசையில் சேர்க்கலாம். சேர்க்காமல் விட்டாலும் குத்துச்சண்டைக்கு நஷ்டமில்லை.

ஒரே காலத்தில் வாழ்ந்தும் மோதாதவர்களின் பட்டியல் இதைவிட வேதனையானது. நிறம்தான் அங்கே தடை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பீட்டர் ஜாக்சனோடு மோத சல்லிவன் மறுத்தார். சாம் லாங்ஃபோர்டுக்கு ஹெவிவெயிட் பட்டச் சண்டை கடைசிவரை கிடைக்கவில்லை. ஜாக் டெம்ப்சி சாம்பியனாக இருந்த ஆண்டுகள் முழுவதும் ஹாரி வில்ஸ் வரிசையில் நின்றுகொண்டே இருந்தார். பின்னாளில் அரசியலும் குறுக்கே வந்தது. 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன், தொழில்முறைச் சண்டையைத் தடைசெய்திருந்த நாட்டை விட்டு வெளியேற மறுத்தார். அலியோடு அவரை மோதவிடப் பேச்சு நடந்தும் கைகூடவில்லை. இத்தகைய இணைகளைப் பற்றிப் பேசும்போது கற்பனை பொழுதுபோக்காக மட்டும் இருப்பதில்லை. நடக்க விடாமல் செய்யப்பட்ட ஒன்றுக்குக் கணக்குக் கேட்கிறது.

வாதத்தை எழுத்தில் கட்டிப்போட்டவர் நாட் ஃப்ளைஷர். 1922-இல் ‘தி ரிங்’ இதழைத் தொடங்கிய அவர், வீரர்களின் சண்டைக் கணக்குகளைத் தொகுத்ததோடு எல்லாக் காலத்துக்குமான தரவரிசையையும் வெளியிட்டார். ஹெவிவெயிட்டில் அவருடைய முதலிடம் ஜாக் ஜான்சனுக்கு, அடுத்து ஜெஃப்ரீஸ். லூயிஸுக்கு ஆறாம் இடம், மார்சியானோவுக்குப் பத்தாம் இடம். 1972-இல் இறக்கும்வரை முதல் பத்தில் அலிக்கு அவர் இடம் தரவில்லை. ஃப்ளைஷர் பிறந்தது 1887-இல். ஜான்சன் பட்டம் வென்றபோது அவருக்கு 21 வயது. இளமையில் பார்த்த வீரரே எல்லாரையும்விடப் பெரியவர் என்று தோன்றுவது அவருக்கு மட்டும் உரிய குறை இல்லை. ஆனால் அவருடைய தோன்றல் அச்சேறி, பல பத்தாண்டுகள் அளவுகோலாக இருந்தது.

மனிதரின் சார்பைத் தவிர்க்க இயந்திரத்தை நடுவராக்கும் யோசனை மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனருக்கு வந்தது. 1967-இல் 16 ஹெவிவெயிட் சாம்பியன்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய வேகம், குத்தின் வலு, அடி தாங்கும் திறன் போன்றவற்றை எண்களாக்கி என்.சி.ஆர். 315 கம்ப்யூட்டரில் ஏற்றினார். விவரங்களைத் தந்தவர்கள் குத்துச்சண்டை எழுத்தாளர்களும் வல்லுநர்களும்தான். கம்ப்யூட்டர் சொன்ன போக்கை நேரடி வர்ணனையாக்கி வானொலியில் ஒலிபரப்பினார்கள். காலிறுதியில் அலி, ஜெஃப்ரீஸிடம் தோற்றார். இறுதியில் மார்சியானோ, டெம்ப்சியை 13-ஆம் ரவுண்டில் வீழ்த்தி ‘எல்லாக் காலத்துக்குமான சாம்பியன்’ ஆனார்.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் வியட்நாம் போருக்கான படைச் சேர்க்கையை மறுத்து அலி பட்டத்தையும் உரிமத்தையும் இழந்திருந்தார். மேடையில் யாரிடமும் தோற்காதவரை, என்றோ இறந்துபோன ஒருவரிடம் கம்ப்யூட்டர் தோற்கவைத்தது அவரைச் சீண்டியது. தன் பெயரைக் கெடுத்ததாக 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 10,000 டாலரும், அடுத்த முயற்சியின் வருவாயில் பங்கும் என்று சமரசம் ஆனது. அடுத்த முயற்சி, அலியையும் மார்சியானோவையும் நேரில் நிறுத்திப் படம் எடுப்பது.

1969 கோடையில் மயாமியில் ஒரு ஸ்டுடியோவில் கதவடைத்துப் படப்பிடிப்பு நடந்தது. 27 வயது அலி, 45 வயது மார்சியானோ. மார்சியானோ ஏறத்தாழ 50 பவுண்டு எடை குறைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக 70-க்கும் மேல் எடுத்தார்கள். முடிவுக் காட்சிகளும் பலவிதமாக எடுக்கப்பட்டன. எந்த முடிவு வரப்போகிறது என்று இருவருக்கும் தெரியாது. படம் வெளிவருமுன் ஆகஸ்ட் 31 அன்று அயோவாவில் விமானம் விழுந்து மார்சியானோ இறந்தார். மறுநாள் அவருடைய 46-ஆவது பிறந்தநாள். 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஏறத்தாழ 1,500 அரங்குகளில் படம் ஒரே நாளில் காட்டப்பட்டது. அமெரிக்கத் திரையில் மார்சியானோ 13-ஆம் ரவுண்டில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட வடிவத்தில் அலி வென்றார். கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்யப்பட்டதாக இருக்கும் என்று அலி கிண்டலடித்தார். நிறவெறிக்குப் பேர்போன மாநிலத்தை அவர் சுட்டியதில் விளையாட்டுப் பாதி, வினை பாதி. ஒரே இயந்திரம் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் வேறும் சொன்ன பிறகு, அதை நடுநிலை என்று அழைக்க யாருக்கும் வாய் வரவில்லை.

இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த விதியின்படி சண்டை நடக்கிறது என்று யாராவது முதலில் முடிவு செய்தாக வேண்டும்; பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. டெம்ப்சியின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1919-இல் டொலிடோவில், தன்னைவிட 58 பவுண்டு கனமான ஜெஸ் வில்லர்டை அவர் முதல் ரவுண்டில் ஏழு முறை வீழ்த்தினார். வில்லர்ட் எழும்பும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே நின்று மறுபடி அடித்தார். அன்றைய விதி அதை அனுமதித்தது. 1927-இல் சிகாகோவில் ஜீன் டன்னி விழுந்தபோது, வீழ்த்தியவர் தொலைவில் உள்ள நடுநிலை மூலைக்குப் போன பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. பழைய பழக்கத்தில் டெம்ப்சி பக்கத்திலேயே நின்றார். நடுவர் எண்ணவில்லை. டன்னிக்கு ஏறத்தாழ 14 விநாடிகள் கிடைத்தன. எழுந்து ஆடி வென்றார். எட்டே ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் வேறு விதிக்குள் வந்து நின்றபோது இந்த நிலை. 60 ஆண்டு தள்ளி டைசனோடு அவரை மோதவிடுகிறவர், எந்த ஆண்டின் நடுவரை அழைப்பது என்று முதலில் சொல்ல வேண்டும்.

கிளவுஸும் மாறியிருக்கிறது. டெம்ப்சி காலத்தில் 5, 6 அவுன்ஸ். இன்று ஹெவிவெயிட்டுக்கு 10 அவுன்ஸ். ரவுண்டுகள் 45-லிருந்து 20-க்கும், 15-க்கும் இறங்கின. 1982-இல் லேசான எடைப் பிரிவில் தென் கொரியாவின் கிம் டுக் கூ சண்டைக்குப் பின் இறந்ததைத் தொடர்ந்து பட்டச் சண்டைகள் 12 ரவுண்டுகள் ஆயின. 13-ஆம் ரவுண்டில் பட்டத்தை வென்ற மார்சியானோவுக்கு இன்றைய விதியில் அந்த ரவுண்டே இல்லை. 1952 செப்டம்பரில் நடந்த அந்தச் சண்டையில், அதுவரை சாம்பியனாக இருந்த வால்காட்டிடம் பாயிண்டில் பின்தங்கியிருந்தவர் அவர்.

ஆனாலும் பெரிய சிக்கல் எடைதான். ஹெவிவெயிட் பிரிவுக்கு மேல் எல்லை கிடையாது. பெயர் ஒன்றாகவே இருக்க, உள்ளே நிற்கும் ஆள் வளர்ந்துகொண்டே போனார். டெம்ப்சியும் மார்சியானோவும் தங்கள் சிறந்த காலத்தில் 185 பவுண்டை ஒட்டி, அதாவது 84 கிலோ அளவில் இருந்தார்கள். லூயிஸ் 90 கிலோ, அலி 95, 1974-இன் ஃபோர்மன் 100. 2020-இல் டியான்டே வைல்டரை வென்றபோது டைசன் ஃப்யூரி 273 பவுண்டு, ஏறத்தாழ 124 கிலோ. 1979-80-இல் க்ரூஸர்வெயிட் என்ற இடைப்பிரிவு உருவாகி, இப்போது அதன் எல்லை 200 பவுண்டு. இன்று மேடை ஏறினால் டெம்ப்சியும் மார்சியானோவும் ஹெவிவெயிட்டே ஆக மாட்டார்கள். 40 கிலோ வித்தியாசத்தைத் திறமை தாண்டுமா என்பதில் நேர்மையான பதில், பெரும்பாலும் தாண்டாது என்பதே. டொலிடோவில் தாண்டியது என்பார்கள். வில்லர்டுக்கு அப்போது 37 வயது. மூன்று ஆண்டுக்கு மேல் அவர் பட்டத்துக்காக மேடை ஏறியிருக்கவில்லை.

பழைய படங்களும் கண்ணை ஏமாற்றுகின்றன. கையால் சுழற்றி எடுத்த மௌனப் படங்களில் விநாடிக்கு 16 படம் என்ற அளவில் பதிவு இருக்கும். அதை 24 படம் ஓடும் கருவியில் போட்டால் ஜான்சனும் ஜெஃப்ரீஸும் வெடுக்வெடுக்கென்று பொம்மைகளாக ஆடுவார்கள். அந்தக் காலத்தவருக்குச் சண்டையே தெரியாது என்ற ஏளனத்தில் ஒரு பங்கு இந்த வேகக் கோளாறால் வந்தது. சரியான வேகத்தில் பார்த்தவர்கள் வேறு பாடம் கற்றார்கள். கேட்ஸ்கில் ஊரில் கஸ் டமாட்டோவிடம் பயின்ற இளம் டைசன், ஜிம் ஜேக்கப்ஸ் சேகரித்து வைத்திருந்த பழைய படங்களை விடிய விடியப் பார்த்தவர். டெம்ப்சியின் தலைமுடி வெட்டும் கறுப்புக் கால்சட்டையும் வரை அவரிடம் ஒட்டிக்கொண்டன.

தலைமுறைகளை மோதவிடும் இந்த விளையாட்டு இந்தியாவுக்கு 1980-இல் நேரிலேயே வந்தது. ஓய்வை அறிவித்திருந்த அலி, நன்கொடை நிதிக்கான பயணத்தில் ஜனவரி 27 அன்று தில்லியில் கௌர் சிங்கோடு நான்கு ரவுண்டு கண்காட்சிச் சண்டை ஆடினார். பஞ்சாபின் சங்ரூர் பகுதியைச் சேர்ந்த ராணுவ வீரரான கௌர் சிங், 1982 தில்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். சென்னையில் அலி நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு மேடை ஏறினார், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். அலியின் பட்டம் பறிபோனபோது நடந்த போட்டியில் வென்று 1968-இல் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் சாம்பியன் ஆனவர் எல்லிஸ். லூயிவில்லில் அலியோடு வளர்ந்த நண்பர். 1971-இல் ஹூஸ்டனில் 12-ஆம் ரவுண்டில் அலி அவரை நிறுத்தியிருந்தார். சென்னையில் பட்டமும் பகையும் இல்லாமல் இருவரும் ஆடிக் காட்டினார்கள்.

இந்தியாவுக்கென்று ஒரு கற்பனை மோதல் உண்டு: ஹவா சிங்கா, கௌர் சிங்கா? ஹரியாணாவின் ஹவா சிங் 1961 முதல் 1972 வரை 11 முறை தேசிய ஹெவிவெயிட் சாம்பியன். 1966, 1970 இரண்டு பாங்காக் ஆசிய விளையாட்டிலும் தங்கம். பிறகு பிவானியில் பயிற்சியாளராகி, அந்த ஊரை இந்தியக் குத்துச்சண்டையின் தலைநகராக மாற்ற அடித்தளம் போட்டார். இருவருமே ராணுவத்தார், வயது இடைவெளி பன்னிரண்டு ஆண்டை ஒட்டியது. ஒப்பிட வசதியான இணைதான். ஆனால் ஹவா சிங் காலத்து அமெச்சூர் ஹெவிவெயிட் என்றால் 81 கிலோவுக்கு மேல் எவ்வளவும். 1984 ஒலிம்பிக்கில் 91 கிலோவில் கோடு கிழித்து சூப்பர் ஹெவிவெயிட்டைப் பிரித்தார்கள். தலைக்கவசம் கட்டாயமானதும், பின்னர் 1992-இல் பொத்தான் அழுத்தி எண்ணும் கம்ப்யூட்டர் மதிப்பெண் வந்ததும் ஹவா சிங்கின் ஆட்டக் காலத்துக்குப் பிந்தியவை.

வடசென்னையின் வழக்கம் முற்றிலும் வேறு. வெள்ளைக்காரரிடமும் ஆங்கிலோ-இந்தியரிடமும் பார்த்துப் பழகி, துறைமுக, ரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகளில் வேர்விட்ட சண்டை அது. ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று சுவரொட்டி ஒட்டி நடத்தினார்கள். அங்கே வீரரின் பெயருக்கு முன்னால் அவர் சார்ந்த பரம்பரையின் பெயர் வரும்: சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார். சார்பட்டாவின் கித்தேரி முத்து, நாட் டெர்ரி என்ற வெள்ளைக்கார வீரரை அடித்தவராக இன்றும் பேசப்படுகிறார். பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021-இல் வந்தபின் அந்தப் பேச்சு தமிழ்நாடு முழுவதும் பரவியது. பரம்பரைக் கணக்கில், வாத்தியார் தோற்ற சண்டையை மாணவன் ஆடி முடிக்கலாம். அவனும் தோற்றால் அவனிடம் கற்றவன் ஆடுவான். முப்பது ஆண்டுக்கு முந்தைய குத்துக்கு இன்று பதில் கொடுக்க அங்கே ஆள் தயாராக இருந்ததால், இறந்தவர்களை மேடையேற்ற வேண்டிய அவசியம் பெரிதாக எழவில்லை.